ஒரே சொல், இரண்டு கோப்புகள்

காரணம் தெரியாத சாவும்
உடையவர் தெரியாத வெள்ளியும்
அந்த நாட்டில் ஒரே மேசைக்கு வருகின்றன.
சட்டம் அப்படி.
லிங்கன்ஷையரில் அந்த மேசை
டெஸ்ஸா ஓட்லிங்குடையது.
ஒரு கால் ஆடும்;
அடியில் மடித்த காகிதம்.

செவ்வாய் காலை, முதல் கோப்பு.
அறுத்த பார்லித் தாளுக்கு நடுவே
டெஸ்மண்ட் ஸ்கப்ஹோம்
(மற்ற நாட்களில் சர்க்கரைக் கிழங்கு லாரி ஓட்டுகிறவர்)
கருவி கீச்சிட்ட இடத்தில் மண்டியிட்டிருக்கிறார்.
கலப்பை கடித்த பானை.
முந்நூற்றுப் பதினேழு காசு.
வெட்டிய காப்பின் துண்டுகள் ஆறு.
பானை வாயில் அடைத்த சணல் திரி
ஆயிரம் வருஷமாய் அடைத்தபடி.

‘ஹோர்ட்’ என்று தட்டினாள்.
அவசரத்தில் எழுத்து மாறிவிட்டது:
ஒலி அதேதான்,
பொருளோ குதிரை ஏறி வரும் கொள்ளைக் கூட்டம்.
அழித்துவிட்டுச் சரியாகத் தட்டினாள்.
ஒளித்தவனும்
எவருக்குப் பயந்து ஒளித்தானோ அவர்களும்
அந்த மொழியில்
காதுக்கு ஒன்று.

அருங்காட்சியகத்திலிருந்து ஃபோன்:
‘மண்ணைத் தட்டிவிட வேண்டாம்.
மண்ணும் வேண்டும். அந்தத் திரியும்.’

மதியம் இரண்டாவது கோப்பு.
வின்னி டன்னட், எழுபத்தொன்று, தனியாள்.
கதவைத் தள்ளித் திறக்க
இரண்டு காவலர் தேவைப்பட்டார்கள்.
கதவிலிருந்து கெட்டிலுக்கும்
கெட்டிலிலிருந்து கட்டிலுக்கும்
ஒரு அடி அகலப் பாதை.
மற்றதெல்லாம் செய்தித்தாள்,
கழுவிக் கவிழ்த்த தயிர்க் கோப்பைகள்,
நிறம் பிரித்துக் கட்டிய ரொட்டிப் பை கிளிப்புகள்,
நாற்பத்து மூன்று குடை.
நகராட்சி அறிக்கையின் முதல் வரியிலேயே
அந்தச் சொல்,
வாலில் இரண்டு எழுத்துக் கூட்டி,
ஆளைக் குறிப்பதாக.

நமக்கு இதில் இரண்டு வாசல்.
புதையல் என்றால் கிணறு தோண்டினவனுக்குப் பாயசம்.
பதுக்கல் என்றால் கிடங்கு வாசலில் போலீஸ் ஜீப்.
அவர்களுக்கு ஒற்றை வாசல்;
உள்ளே போன பிறகுதான் தெரியும்
விளக்குப் போட்ட கண்ணாடிப் பெட்டியா
தெருவில் நிற்கும் குப்பைத் தொட்டியா என்று.

வின்னிக்கு மூன்று தொட்டி ஆயிற்று.
அண்ணன் மகன் கையெழுத்துப் போட்டான்.
மழை வேறு.

முன்பெல்லாம் புதையல் வழக்கில்
ஒரு கேள்வி இருந்ததாம்:
வைத்தவருக்கு
திரும்பி வந்து எடுக்கும் எண்ணம் இருந்ததா?
இருந்தால் அது அரசருக்கு.
எறிந்துவிட்டுப் போனதானால்
வேறு கணக்கு.
எப்படிக் கண்டுபிடித்தார்கள்?
பானை வாய் அடைத்திருந்தால்
எண்ணம் இருந்தது.
அவ்வளவுதான் சாட்சி.

நடைவழியில் ஸ்கப்ஹோம் நிற்கிறார்,
தொப்பி கையில், பூட்ஸ் துடைத்து.
‘இடத்தை மறந்திருப்பானோ?’
காசின் விலையைக் கேட்பார் என்றுதான்
அவள் நினைத்திருந்தாள்.
‘இடம் மறந்திருக்காது.
வர முடியாமல் போயிருக்கும்’ என்றாள்.
எதற்காக அத்தனை உறுதியாகச் சொன்னோம்
என்று அவளுக்கே தெரியவில்லை.

ஐந்தரைக்கு
இரண்டாவது கோப்பின் பின்னட்டையில்
ஒரு உறை. காவலர் எடுத்து வைத்தது.
பேருந்துச் சீட்டுகள், தேதி வாரியாக,
ரப்பர் பட்டை போட்டு.
கடைசிச் சீட்டு பிப்ரவரி:
லௌத் போய்வர.
போன பாதி கிழிந்திருக்கிறது.
திரும்பும் பாதி
கிழியாமல் இருக்கிறது.

அப்படியானால் வீட்டுக்கு நடந்தே வந்திருக்கிறாள்,
ஒன்பது மைல்,
அந்தப் பாதியைச் செலவழிக்க மனமில்லாமல்.

உறையை என்ன செய்வது என்று
படிவத்தில் கட்டம் இல்லை.
டெஸ்ஸா மேசைக்கடியில் குனிந்து
மடித்த காகிதத்தைச் சரிசெய்தாள்.
பிறகு ஃபோனை எடுத்து
குப்பைத் தொட்டிக்காரர்களின் எண்ணைத் தேடினாள்.